கணினிக்கு முரணாக அளந்த குற்றம்

அனுப்புநர்:
அளவீட்டு உதவியாளர்,
ஆய்வகம், திரவக் கலவைத் தொழிற்சாலை.

பெறுநர்:
உயர்திரு பொது மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கணினி சொன்ன விடைக்கு மாறாக ஒரு திரவம் ஓடியதற்கு என்னைப் பொறுப்பாக்கி வழங்கிய குறிப்பாணையை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினேழு ஆண்டுகளாக இவ்வாய்வகத்தில் திரவங்களின் பாகுத்தன்மையை, அதாவது எவ்வளவு கெட்டியாக ஓடுகின்றன என்பதை, அளந்து வருகிறேன். மெல்லிய கண்ணாடிக் குழாயில் திரவத்தை இறங்கவிட்டு, ஸ்டாப்வாட்சில் நொடிகளைப் பார்ப்பதே என் பணி.

2. சென்ற ஆண்டு நியூரல் நெட்வொர்க் என்னும் கணினி ஏற்பாடு வந்தது. ஆய்வகத்தின் பழைய பதிவேடுகளைப் படித்துப் பழகி, எந்தக் கலவை எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று அளக்காமலேயே முன்கூட்டிச் சொல்லும். அதன்மேல் எனக்குப் பொறாமை இல்லை. நான் அரை நாள் எடுப்பதை அது கண்சிமிட்டும் நேரத்தில் சொல்கிறது. பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. அதைப் பழக்கிய கணினிப் பிரிவுப் பொறியாளர் என் கணவரின் தங்கை. ஒரே வீட்டில் வசிக்கிறோம் என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. வில்லங்கம் ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்ந்த கலவையில் தொடங்கியது. இரண்டும் லேசானவை, ஆகவே கலவையும் இரண்டுக்கும் இடைப்பட்டதாகவே இருக்கும் என்றது கணினி. நான் ஒன்பது முறை அளந்தேன். ஒன்பது முறையும் அது தண்ணீரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக இருந்தது. இவை தனித்தனியே சாதுவாக இருந்து, ஒன்றுசேர்ந்தால் முறுக்கிக்கொள்பவை. கூட்டுக் குடும்பத்தில் வசிப்போருக்கு இது வியப்பளிக்காது.

ஆய்வகக் கண்காணிப்பாளர் என் தாளைப் பார்த்துவிட்டு, "மெஷினுக்குக் கண்ணு கெடாதும்மா, உங்களுக்குத்தான் கெட்டிருக்கும்" என்றார். மறுநாள் அவரிடமிருந்து குறிப்பாணை வந்தது. கணினிக்கு முரணான அளவீடு தந்து குழப்பம் விளைவித்தேனாம். விளக்கம் திருப்தியளிக்காவிட்டால் புட்டி கழுவும் பிரிவுக்கு மாற்றமாம். கண் மருத்துவரிடம் சென்றேன். பார்வை பழுதற்றது என்ற சான்றிதழை இணைத்துள்ளேன்.

4. அந்தக் கண்களைக்கொண்டே பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். கணினி படித்த பாடத்தில் இக்கலவைக்கு நாற்பத்து மூன்று வரிகள். எல்லாம் நான் பணியில் சேருவதற்கு முன் எழுதியவை, எல்லாம் ஒரே கையெழுத்து. ஆல்கஹாலின் விகிதம் கூடக்கூட, அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல் எண்கள் சீராக ஏறுகின்றன. அவற்றுள் பதினான்கு வரிகளுக்குரிய நாட்களில் ஆய்வகத்தின் ஒரே கண்ணாடிக் குழாய் உடைந்து, புதியது வராமலிருந்தது (இருப்புப் பதிவேட்டின் நகல் காண்க). அளக்காமலேயே முன்கூட்டிச் சொல்லும் கலையை இத்தொழிற்சாலையில் முதலில் தொடங்கியது கணினி அல்ல. கையெழுத்து யாருடையது என்று நான் கூறப்போவதில்லை. என் குறிப்பாணையின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருப்பதோடு தாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

5. பதிவேட்டை நாத்தனாரிடம் காட்டினேன். நம்பவில்லை. தானே ஆய்வகத்துக்கு வந்து, ஸ்டாப்வாட்சை என் கையிலிருந்து பிடுங்கி மூன்று முறை அளந்தார். பிறகு ஸ்டாப்வாட்சைத் திருப்பித் தந்து, "அண்ணி, அதுக்கு நான் பொய்யத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார். நாற்பத்து மூன்று வரிகளை நீக்கி, எங்கள் அளவீடுகளைச் சேர்த்து மீண்டும் பழக்கினார். இப்போது கணினியும் நானும் ஒத்துப்போகிறோம். கண்காணிப்பாளர் மட்டும் குறிப்பாணையைத் திரும்பப் பெறவில்லை.

6. இன்னொன்றும் உண்டு. திருந்திய கணினி, வேறு கலவைகளின் பதிவுகளில் மற்றவற்றோடு பொருந்தாத ஆறு வரிகளைத் தானாகவே சுட்டிக்காட்டியது. அவை என்னுடையவை. மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்த ஒரு நாளில் உத்தேசமாக எழுதியவை. நாத்தனார் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் வீட்டில் பாத்திரம் துலக்கும் முறை நாள்தோறும் எனக்கே வருகிறது.

ஆகவே, குறிப்பாணையை ரத்து செய்யுமாறும், அந்த நாற்பத்து மூன்று வரிகளுக்கும் உரிய கலவையை, அவற்றை எழுதியவரே குழாயில் ஊற்றி அளக்க ஆணையிடுமாறும் வேண்டுகிறேன். என் ஆறு வரிகளை ஞாயிற்றுக்கிழமை வந்து மறுபடி அளந்து தருகிறேன். உரிய தண்டனையையும் ஏற்கிறேன். குற்றத்தை நானே தங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பதற்குச் சான்றாக, மனு பெற்றுக்கொண்ட ஒப்புகைச் சீட்டை மட்டும் தயவுசெய்து இன்றே அனுப்பி உதவவும். சாப்பாட்டுத் தட்டுகள் எடுக்கப்படுவதற்கு முன் அதை வீட்டில் காட்ட வேண்டியுள்ளது.

இடம்: ஆய்வகம், ஜன்னலோர மேசை
நாள்: குறிப்பாணை கிடைத்த பன்னிரண்டாம் நாள்

பணிவுடன்,
(ஒப்பம்)
அளவீட்டு உதவியாளர்

இணைப்பு: கண் மருத்துவச் சான்றிதழ், பதிவேட்டு நகல்கள், குறிப்பாணை.