பார்வையாளர் நோட்டில் உன் கையெழுத்து

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் அதுவரை பொறுக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் சொல்லப் போவதை உன்னோடு ஊரும் கேட்கட்டும்.

தம்பி நன்றாக இருக்கிறான். இதை முதலில் சொல்லாவிட்டால் மற்ற எதுவும் உன் காதில் ஏறாது. முடி வெட்டியிருக்கிறார்கள். மாத்திரையைத் துப்புவதில்லை. காலையில் இல்லத்து முருங்கைக்கும் செம்பருத்திக்கும் அவன்தான் தண்ணீர் ஊற்றுகிறான். கணுக்காலில் அந்தச் சங்கிலித் தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது. எவ்வளவு எண்ணெய் தேய்த்தாய் அதற்கு!

அவனைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் தம்பி அந்தோணி சங்கு குளிக்கப் போனவன். இருபத்திரண்டு வயதில் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. அது மனச்சிதைவு நோய் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்வதற்குள் ஐந்து வருடம் போய்விட்டது. அதில் பாதி நாள், வேண்டுதலில் குணமாகும் என்று யாரோ சொன்ன இடத்தில் காலில் சங்கிலியோடு கிடந்தான். அதற்குப் பிறகுதான் இந்த இல்லம் கிடைத்தது. பக்கத்து ஊர் நகராட்சி கட்டடம் கொடுத்து, சாப்பாட்டுக்கும் வேலையாட்களுக்கும் நிதி கொடுத்து நடக்கிற இல்லம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்குத்தான் தொல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு பாறை மீன் குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவாய். இல்லத்து வாசலில் பார்வையாளர் நோட்டு இருக்கும். பெயர், தேதி, உறவு, கையெழுத்து. உறவு என்ற கட்டத்தில் நீ ‘பெத்த தாய்’ என்று எழுதுவாய், ஒவ்வொரு எழுத்தாக. அந்தோணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். நீ எழுதி முடித்த பிறகுதான் தூக்குச்சட்டியைத் திறக்க விடுவான். தாய் என்று எழுதினால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன்.

“போதாது, ஏளா. யாரு வேணும்னாலும் தாய்னு சொல்லிக்கிடலாம். நான் பெத்தவ” என்றாய். நீ போன பிறகு அந்தக் கட்டத்தில் நான் ‘அக்கா’ என்று எழுதி வந்தேன்.

அந்தக் குரல்கள் அவனிடம் ‘உனக்கு யாருமே இல்லை’ என்று சொல்லுமாம். அவன் அப்படி அலறுகிற நாட்களில் அங்கே வேலை பார்க்கிற புஷ்பம் அக்கா முதலில் அந்த நோட்டைத்தான் எடுத்து வருவார். உன் கையெழுத்து இருக்கிற பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். அவன் விரல் வைத்து வாசிப்பான். பல நாள் அதிலேயே அடங்கிவிடுவான்.

அந்த நோட்டை வைத்துத்தான், அம்மா, இப்போது அவனை வெளியே அனுப்பப் போகிறார்கள்.

நிதி குறைகிறதாம். இனி ஆதரவற்றவர்களுக்கு மட்டும்தான் இல்லமாம். யார் ஆதரவற்றவர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஒரு அதிகாரியாவது வந்து ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தாரா? இல்லை. பார்வையாளர் நோட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். யாரைப் பார்க்க ஆள் வந்திருக்கிறதோ அவர் பெயரை அடித்தார்கள். மாத முடிவுக்குள் உறவினர்கள் வந்து அழைத்துப் போக வேண்டும் என்று எனக்குக் கடிதம் வந்தது. யாரும் தேடி வராதவர்களுக்குக் கட்டில் இருக்கட்டும், அவர்களுக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஆறு வருடம் மழையிலும் வெயிலிலும் பஸ் ஏறி வந்தாயே, அதற்கா உன் மகனுக்குத் தண்டனை?

துறைமுகத்தில் ஏஜென்ட் ஆபீசில் இத்தனை வருடமாகச் சரக்குக்கு ஆவணம் எழுதுகிறவள் நான். என்னுடையது என்று ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் அந்தப் பெட்டியைப் பத்திரமாக எடுத்துக் கொடுப்பார்கள். மனுஷனுக்கு மட்டும் ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது?

லீவு போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனேன். அந்தப் பிரிவின் எழுத்தர் மோசமானவர் இல்லை. உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போனால் பகலில் வீட்டில் ஆள் இல்லை என்றேன். நீ இறந்தபோது அந்தோணியை வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்ததையும் சொன்னேன். பதினோரு நாள்தான். எனக்குத் தெரியாமல் மாத்திரையை விட்டிருக்கிறான். நான் ஆபீசில் இருந்தபோது, கழுத்தளவு கடலில் நின்றவனை வள்ளத்துக்காரர்கள் இழுத்து வந்தார்கள். அம்மா கூப்பிட்டாள் என்று அவர்களிடம் சொன்னானாம். இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எழுத்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்குப் புரியுதுக்கா. ஆனா ஃபைல்ல அதுக்கு இடம் இல்ல. அம்மா தவறிட்டாவ. நான் தெரிஞ்சவதான், பாசத்துல அக்கான்னு எழுதிட்டேன்னு ரெண்டு வரி கொடுத்துருங்க. அவரு பேரு தானா ஆதரவற்றோர் லிஸ்ட்ல ஏறிரும்.”

ஜன்னலுக்கு வெளியே கடற்கரைச் சாலையில் ஆள் உயர எழுத்துகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெயருக்கு முன்னால் சிவப்பு இதயம், பின்னால் விளக்கு, எல்லோரும் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள. அதற்கு மட்டும் நிதி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அது வேற ஹெட்டு, வேற நிதிக் கணக்குக்கா என்றார்.

ஆனாலும் எழுதினேன், அம்மா. உன்னிடம் மறைக்க மாட்டேன். ‘மேற்படி அந்தோணி என்பவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டேன். அவனுக்குக் கட்டில் நிலைத்தால் சரி, நான் யாரோவாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

போன ஞாயிற்றுக்கிழமை குழம்போடு இல்லத்துக்குப் போனேன். வாசலில் புது நோட்டு இருந்தது. புஷ்பம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கையெழுத்துப் போடாத, ஏளா. இதையும் எடுத்துட்டுப் போவாவ. சும்மா பாத்துட்டுப் போ” என்றார். பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அந்தோணி தூக்குச்சட்டியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். எழுந்து போய் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து என் மடியில் வைத்தான். அப்புறம் எழுதுகிறேன், முதலில் சாப்பிடு என்றேன். மூடியைத் திறக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“நீ எழுதலன்னா நீ வரலக்கா” என்றான்.

சத்தம் போடவில்லை, அம்மா. கெஞ்சினான். நான் எழுதினேன். உறவு என்ற கட்டத்தில், பாசத்துக்குச் சொன்னது என்று எவரும் சொல்லிவிட முடியாதபடி, ‘கூடப் பிறந்த அக்கா’ என்று எழுதினேன். விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தான். பிறகு அவனே மூடியைத் திறந்து, மீன் தலையை எனக்கு எடுத்து வைத்தான்.

பையில் இருந்த கடிதத்தை பஸ் ஸ்டாண்டில் நின்று கிழித்துப் போட்டேன். என்னை அப்படி எழுத வைத்தவர்கள் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

பழைய நோட்டைக் கொடுப்பதற்கு முன்னால் புஷ்பம் அக்கா அந்தோணிக்குக் காட்டுவதற்காக உன் பக்கங்களை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் அச்செடுத்துவிட்டேன். என்னைப் போலவே கடிதம் வந்த இன்னும் நாலு குடும்பத்தைத் தேடிப் பிடித்தேன். நாளை, கலெக்டர் ஆபீசில் திங்கள்தோறும் நடக்கிற குறைதீர் கூட்டத்துக்குச் சேர்ந்து போகிறோம். ஆதரவு இருக்கிறதே, பிறகு எதற்கு இல்லம் என்று கேட்பார்கள். அந்த இல்லம் இருப்பதால்தான் எங்களால் ஆதரவாக இருக்க முடிகிறது என்று உன் கையெழுத்துகளை மேசையில் பரப்பிச் சொல்வேன். கேட்பார்களா? தெரியவில்லை. கேட்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமையும் போவேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். என்ன உத்தரவு வந்தாலும், யார் கேட்டாலும், அவனுக்கு நேராக உறவு என்று இருக்கிற கட்டத்தில் இனி ஒருநாளும் இல்லை என்று எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
அந்தோணியின் கூடப் பிறந்த அக்கா,
நீ பெத்த மகள்
ரெஜினா