செங்கல் ஒன்றா, இரண்டா?

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. அவை திரும்பியும் வரவில்லை என்பதால் உன் கைக்குக் கிடைத்தன என்றே வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், டேப்பை எடுத்துக்கொண்டு நம் சமையலறைக் கதவுக்குப் போனேன். நம் இருவரையும் நிற்கவைத்து அப்பா பென்சிலால் கோடு போடுவாரே, அந்த நிலைக்கு. வீட்டுக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அந்த ஒரு சாண் அகலம் மட்டும் வெறும் மரமாகவே இருக்கிறது. போன முறை வந்த பெயிண்டர், "ஐயா, இந்த இடம் விட்டுப்போச்சே" என்றதற்கு, "நீ உன் வேலையைப் பாருப்பா" என்றார் அப்பா. உன் பதினோராம் வயதுக் கோடு நான்கடி எட்டங்குலம். முன்பு எடுத்த அளவு சரிதானா என்று மீண்டும் இரண்டு முறை அளந்தேன்.

எதற்கு என்று சொல்கிறேன். விரிசல் விட்டுப்போன நம் பழைய ஆலயத்தை இரண்டு வருடம் முன்பு இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் புதியது எழும்பிக்கொண்டிருக்கிறது. திறப்பு நாளன்று திரையில் காட்ட, பழைய ஆலயத்தைக் கணினியில் உருவாக்கி, உள்ளே நடந்து போவதுபோல் ஒரு படம் செய்து தரச் சொன்னார்கள் ஆலயக் கமிட்டியினர். இன்னும் கட்டாத வீடுகளைக் கணினியில் கட்டிக் காட்டுவது என் அலுவலக வேலை. இடிந்ததைக் கட்டுவது இதுதான் முதல் முறை.

ஒவ்வொரு தூணாக நிறுத்தினேன். ஒரு நாள், காலை எட்டு மணி வெயில் எங்கே விழும் என்று பார்க்க, சூரியனைக் கீழே இறக்கினேன். ஜன்னல் கண்ணாடியின் சிவப்பும் பச்சையும் தரையில் வந்து படுத்துக்கொண்டன. கை தானாக மவுஸை விட்டுவிட்டது. சிவப்புக் கட்டம் உனக்கு, பச்சைக் கட்டம் எனக்கு, கோட்டைத் தாண்டினால் அவுட். எல்லோரும் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது நீ ஒருமுறை தும்ம, கூரையும் திருப்பித் தும்மியதே, நினைவிருக்கிறதா? தும்மியது நீ, சிரித்துக் கிள்ளு வாங்கியது நான். தரையின் அந்தச் சில்லிப்பை மட்டும் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை.

மற்ற பக்கங்களுக்கெல்லாம் வரைபடமும் புகைப்படமும் கிடைத்தன. பக்கவாசலுக்கு இருப்பது ஒரே ஒரு புகைப்படம். அந்தக் கதவை ஒட்டிப் பதினோரு வயது நீ நிற்கிறாய். உன் கால்களை மறைத்துக்கொண்டு, கவுனை விரித்து, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயது நான். வேறு அளவே இல்லாததால் உன் உயரத்தை வைத்துத்தான் கதவைக் கணக்கிட்டேன். ஐந்தடி ஒன்பது அங்குலம் வந்தது.

நேற்று மாலை அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். அத்தனை வருடம் ஆலயத்தைத் திறந்து பூட்டிய ஆறடி மனிதர் இப்போது கொஞ்சம் கூனிவிட்டார், அதட்டல் மட்டும் அப்படியே இருக்கிறது. "என்னடி இது, தலையில இடிக்கும்போல இருக்கு? சாவிக்கொத்தோட எத்தனை வருஷம் அந்த வாசல்ல போயிருக்கேன், ஒரு நாளும் குனிஞ்சதில்ல" என்றார். அக்கா உயரத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன், அக்கா. வாய் தவறித்தான் வந்தது.

நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு, அத்தானோடு அந்தப் பக்கவாசலுக்கு வந்து நின்றாய். அப்பா உள்ளிருந்து பூட்டினார். அதன்பின் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து இருபத்து நான்கு வருடமாக இந்த வீட்டில் உன் பேச்சே எடுத்ததில்லை. விருட்டென்று போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் புகைப்படத்தையே பார்த்தார்.

"அவ செங்கல் மேல நின்னாடி. உயரமாத் தெரியணும்னு ஒரே அடம். நான்தான் கொண்டாந்து போட்டேன்."

ஒன்றா, இரண்டா என்று கேட்டேன். விரல்களால் உயரம் வைத்துப் பார்த்தார். "ஞாபகம் வரலையே" என்றார். கதவு வரை போய், திரும்பிப் பார்க்காமலே, "அவளைக் கேளு" என்றார்.

அதனால் கேட்கிறேன். ஒன்று என்றால் கதவு ஆறடிக்குச் சற்று மேல். இரண்டு என்றால் ஆறடி நான்கு அங்குலம். எழுதினாலும் சரி, நேரில் வந்து சொன்னாலும் சரி. அடுத்த மாதம் பத்தாம் தேதி திறப்பு. நீயும் அத்தானும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை.

இன்னும் ஒன்று. கமிட்டிச் செயலாளர், "அது எப்பவும் பூட்டியிருந்த கதவுதானேம்மா, பூட்டியே காட்டிடு" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். கணினியில் கதவைத் திறப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. கதவின் கோணம் சுழியம் என்று இருக்கும் இடத்தில் தொண்ணூறு என்று போட்டால் போதும். என் படம் முன்வாசலில் தொடங்கப் போவதில்லை. முதலில் பக்கவாசல் திறக்கும். பார்க்கிற எல்லோரும் அதன் வழியாகத்தான் உள்ளே போவார்கள். கமிட்டியிடம் சொல்லவில்லை, முதல் வரிசையில் உட்காரப்போகும் அப்பாவிடமும் சொல்லவில்லை.

உன் பின்னாலேயே அலைந்த,
வாலு