கதையை மாற்றிப் பதியும் பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பெரியம்மா செத்துப்போனாள். எல்லைக் கல்லைக் கட்டிப் பிடித்தபடியே உயிரை விட்டாளாம். மாமாதான் சொன்னார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டேன்.

எட்டு மணித் தொடரில் வரும் பெரியம்மாவைச் சொல்கிறேன். எனக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் மதியத்திலிருந்து இரவு வரை வேலை. ஞாயிறு லீவு, ஞாயிறு தொடர் கிடையாது. அதனால் ஒரு நாள்கூட அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. மாமனார் பார்த்துவிட்டு மறுநாள் காலை எனக்குச் சொல்வார். அதை அப்படியே கொண்டுபோய் டீ இடைவேளையில் நர்ஸ் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வேன். இன்று நர்ஸ் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, "பாவி, கடைசி வரைக்கும் கல்லை விடலையே!" என்றார். ஊசி போட வந்து காத்திருந்தவர், தன் ரிப்போர்ட்டில்தான் ஏதோ வந்துவிட்டது என்று வெளிறிப்போனார்.

அந்தச் சாவை நான் பார்க்காமல் விட்டேனே! இனி நிலத் தகராறு தீர்ப்பு வேறு வரப்போகிறதாம். முடிவு செய்துவிட்டேன். ஒரு பெட்டி செய்யப்போகிறேன். டிவியில் வருவதை அதுவே பதிந்து வைக்கும். நான் ஆற அமர உட்கார்ந்து பார்ப்பேன். சாதாரணக் கம்ப்யூட்டரில் டிவி ஒளிபரப்பைப் பிடிக்கும் ஒரு ட்யூனர் கார்டைச் சொருகினால் போதுமாம்.

மார்ச் 5, புதன்

கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இழுத்து வெளியே போட்டேன். என் வீட்டுக்காரர் நீச்சல் பயிற்சியாளர். தண்ணீருக்கு வெளியே எதைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் சொன்னார்: "நீ எதைப் பிரிச்சாலும் ஸ்க்ரூ மிஞ்சும். மிஞ்சினதைப் பத்திரமா வை, அதுலயே இன்னொரு கம்ப்யூட்டர் பண்ணிடலாம்."

மாமாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "எதுக்கும்மா வேண்டாத வேலை? நான்தான் ஒண்ணு விடாம சொல்றேனே?"

"நீங்க சொல்றதைக் கேட்டுத்தான் மாமா பாக்கணும்னு ஆசையே வந்துச்சு."

அவர் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது? பெருமையாக அல்லவா இருக்க வேண்டும்?

மார்ச் 8, சனி

கம்ப்யூட்டர் ஸ்பேர் கடைக்காரரிடம் கார்டும் பெரிய ஹார்டு டிஸ்க்கும் வாங்கி, காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கரப்பான் குடும்பமே குடித்தனம் நடத்தியிருக்கிறது. காலி செய்ய வைத்தேன். கார்டு சொருகினேன். சொருகிய பக்கம் தப்பு. மறுபடி சொருகினேன். விரலில் ரத்தம். ஃபேன் போடும் சத்தம் பார்லரில் தலை காயவைக்கிற மெஷின் மாதிரி. அதனால் செருப்பு அலமாரியின் நடுத்தட்டைக் கழற்றிவிட்டு அதற்குள் வைத்துவிட்டேன். இப்போது சத்தம் குறைவு, வாசம் அதிகம்.

ஆனால் படம் வந்தது! திரையில் டிவி ஓடியது! நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் ஈரத் துண்டோடு ஓடிவந்தார்.

ஸ்க்ரூ மிஞ்சியது உண்மைதான். இரண்டு. அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று இரவு எட்டுக்குப் பதியச் சொல்லியிருந்தேன். கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்பாம். ஒரு மணி நேரம் முழுக்க ஒரு ஆள் மெத்தை மேல் குதிக்கிறான். விளம்பரம்.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் பார்த்தார். "நல்ல மெத்தையா இருக்கேம்மா" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி. மெத்தைக்கா?

மார்ச் 12, புதன்

கடிகாரத்தைச் சரிசெய்தேன். பதியவே இல்லை. பிளக் கழன்று கிடந்தது.

"தூசி தட்டினேம்மா. அதுவா கழண்டுக்கிச்சு" என்றார் மாமா.

மார்ச் 13, வியாழன்

இன்றும் கழன்று கிடந்தது. "மேகமா இருந்துச்சும்மா. இடி கிடி விழுந்து உன் பெட்டி போயிடக் கூடாதேன்னுதான்." எவ்வளவு அக்கறை! ஆனால் நேற்று முழுக்க வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டு மேகம்கூட இல்லை. பிளக்கைச் சுவரோடு சேர்த்து ஆஸ்பத்திரி பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பதிந்துவிட்டது! முழு எபிசோடு! படமும் சத்தமும்! ஆனால் —

தப்பான தொடர்.

பெயர் அதேதான். பாட்டும் மாமா முணுமுணுக்கும் அதே பாட்டு. ஆனால் உள்ளே எல்லாரும் 'பெரியம்மா' என்று கூப்பிடுகிறவள் உயிரோடு உட்கார்ந்து கேரட் நறுக்குகிறாள். சிரிக்கிறாள். கல்லும் இல்லை, நிலமும் இல்லை. மாமா தினமும் சொல்லும் ஒற்றைக்கண் வக்கீல் வரவே இல்லை.

கார்டில்தான் கோளாறு.

மார்ச் 15, சனி

ஸ்பேர் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "உங்க கார்டு வேற கதையைப் பதியுது."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படத்தைக் கெடுக்கும், சத்தத்தைக் கெடுக்கும். கதையை மாத்தாதும்மா."

"செத்தவங்க உயிரோட வர்றாங்க!"

"அது கார்டு கோளாறு இல்லை. அது..." என்று இழுத்தவர், என்ன நினைத்தாரோ, ஒரு புதுக் கேபிளைச் சும்மாவே கொடுத்து அனுப்பிவிட்டார். கதவு வரை வந்து வழியனுப்பினார்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று காலை மாமா கதையில் வெளுத்து வாங்கினார். நீதிபதி நாற்காலியை விட்டு இறங்கி, தானே நாடாவைப் பிடித்து நிலத்தை அளந்தாராம். அளவில் ஒரு முழம் இடித்ததாம். பின்னால் நகர்ந்த ஒற்றைக்கண் வக்கீல் கிணற்றுக்குள் விழுந்தாராம். நான் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்துவிட்டேன்.

புதுக் கேபிளில் நேற்றுப் பதிந்ததைப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தனும் ஒருத்தியும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். காற்று அடிக்கிறது. இன்னும் பார்க்கிறார்கள். தொடரும்.

ஒரே தொடரை இடத்துக்கு இடம் வேறு வேறு கதையாக எடுக்கிறார்களோ? நம் கார்டு தூரத்து ஒளிபரப்பை இழுக்கிறதோ?

மார்ச் 20, வியாழன்

எக்ஸ்ரே மெஷின் படுத்துவிட்டது. எல்லாரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். இன்றைக்காவது நேராகப் பார்த்துவிடலாம் என்று ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். எட்டு அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சாவி போட்டுத் திறந்தேன்.

டிவி ஓடுது. எதிர்ல சாய்வு நாற்காலி. மாமா தூங்கறார்! சும்மா கண்ணசரல் இல்லை — வாயைத் திறந்து, கண்ணாடி மூக்கு நுனியில, குறட்டை விட்டுத் தூங்கறார். டிவியில பெரியம்மா நல்லா குண்டுக்கல்லாட்டம் நடந்து போறா. கடைசிப் பாட்டு வந்ததும் அலாரம் வெச்ச மாதிரி எழுந்தார், டிவியை அணைச்சார், கையைத் தேய்ச்சுக்கிட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"வந்துட்டியாம்மா? இன்னைக்குப் பெரிய ரகளை. காலையில சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் உறைத்தது: கார்டில் கோளாறே இல்லை, கதை முழுக்க மாமாவின் கைவேலை. மாமா ஓய்வு பெற்ற சர்வேயர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தை அளந்தவர். அவர் சொன்ன கதையில் கல்யாணம் என்றாலும் கல்தான், கருமாதி என்றாலும் கல்தான். அதில் வரும் குழந்தைகள் டாக்டர் ஏன் எப்போதும் பையில் அளவு நாடாவோடு வருகிறார் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே! படித்தவளாம் நான். அடுத்தவர் எலும்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்பவளாம்.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுக்காரர் விழுந்து புரண்டு சிரித்தார். "நீ அழுதியா? நிஜமா? அப்பா சாகடிச்ச ஆளுக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதது நான் மட்டுமா? ஒரு வார்டே அழுதது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால்கூடப் பரவாயில்லை. மாமா தோட்டத்தையே மறைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் இருப்பதைப் போட்டுக் காட்டுகிறேன். என்ன சொல்கிறார் பார்ப்போம்.

மார்ச் 23, ஞாயிறு

போட்டுக் காட்டினேன்.

பகல் நேரம். மாமாவுக்குத் தூக்கம் வரவில்லை. தொடரை அவர் முதல் தடவையாக முழுதாகப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது நெளிவார் என்று. நெளியவில்லை. கோபப்பட்டார்.

"என்னம்மா இது? எவ்வளவு நேரமா பாத்துக்கிட்டே நிக்கிறாங்க? இவங்களுக்கு வேலை வெட்டி இல்லையா?" கொஞ்சம் பொறுத்து, "இது யார் வீடு? வேலி எங்க? கண்டவனும் நுழையுறான்!" அப்புறம் பெரியம்மா வந்ததும் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "இவ ஏன் இங்க வர்றா? இவளைத்தான் நான் —"

நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்காரர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்லாத்தான் பதியுதும்மா. படம் தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்?

மார்ச் 25, செவ்வாய்

காலையில் கதை இல்லை. மாமா பேப்பர் படித்தார். "நேத்து என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டேன். "அதான் பெட்டி இருக்கேம்மா" என்றார். குத்தலாகக்கூட இல்லை, சாதுவாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

இந்த வேலை நேரம் வருவதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் பேச்சு என்று ஒன்று இருந்ததா? "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சும்மா." அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. இப்போது மறுபடி அதுவும்கூட இல்லை. எதிரில் உட்கார்ந்துதானே சாப்பிடுகிறோம்.

மார்ச் 26, புதன்

டீ இடைவேளையில் டிவியில் வந்த கதையை உள்ளபடி சொன்னேன். பாதி டம்ளர் டீ இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

"என்னடி இது, பத்தியச் சாப்பாடு மாதிரி?" என்றார் நர்ஸ் அக்கா. "உப்பும் இல்லை, காரமும் இல்லை. பார்த்தாங்க, நின்னாங்கன்னு! வக்கீல் கிணத்துலயே கிடக்கானா?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறட்டை உட்பட. அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

நர்ஸ் அக்கா மெதுவாகக் கேட்டார். "அப்போ பெரியம்மா சாகலையா?"

"டிவியில சாகலைக்கா."

"நம்ம பெரியம்மா?"

"அவங்க செத்துட்டாங்க."

"அதானே! எவ்வளவு அழுதோம்!" என்று பெருமூச்சு விட்டார். எதற்கு நிம்மதி என்று எனக்கு விளங்கவில்லை. உடனே அடுத்த கேள்வி. "சரி, நிலம் யாருக்குப் போச்சு?"

"தெரியலைக்கா. மாமா சொல்றதை நிறுத்திட்டாரு."

"ஏன் நிறுத்தினாரு?"

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததை. எல்லாரும் என்னை, ஓடுகிற ஆக்ஸிஜனைப் பிடுங்கியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். "பெரிய கம்ப்யூட்டர் மேதை!" என்றார் நர்ஸ் அக்கா. "காலுல விழுவியோ, கையைப் பிடிப்பியோ, தெரியாது. கதையோட வா."

மார்ச் 27, வியாழன்

எப்படிக் கேட்பது? "மாமா, ஒரு பொய் சொல்லுங்க" என்றா?

மார்ச் 29, சனி

காலை. மாமா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்றேன்.

"மாமா, பெட்டி கெட்டுப்போச்சு."

செருப்பு அலமாரிக்குள் பெட்டி பச்சை விளக்கு எரிய, ஜோராக இரைந்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வந்து சொல்லலாம் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. மாமா எழுந்தார். அலமாரி வரைக்கும் நடந்து போனார். குனிந்து பச்சை விளக்கைப் பார்த்தார். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

"ஆமாம்மா" என்றார். "கெட்டுத்தான் போச்சு."

திரும்பி வந்து உட்கார்ந்து இரண்டு பட்டாணியை உரித்தார்.

"நேத்து கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முன்ன பின்ன இருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல மாமா."

"எங்க விட்டேன்?"

"வக்கீல் கிணத்துல."

"ஆங்! கிணறு!" மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் கிணறு இருக்கே, அது யார் எல்லைக்குள்ள வருதுன்னு நினைக்கிறே? அங்கதான் விஷயமே..."

டீ இரண்டு தடவை சூடு பண்ணினேன். வேலைக்குப் போகத் தாமதம். போனதும் வாசலிலேயே நர்ஸ் அக்கா நின்றிருந்தார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெட்டியை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டுவிட்டார். நீச்சல் போட்டிகளைப் பதிந்து, நீந்துகிறவன் முழங்கையைப் பார்க்க வேண்டும் என்று மெதுவாக ஓட்டுகிறார். ஒருத்தன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவதற்குள் நான் ஒரு வாளித் துணி துவைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கதையில் இன்று ஒரு எக்ஸ்ரே எடுக்கும் பெண் புதிதாக வந்திருக்கிறாள். வாய்த்துடுக்கு அதிகமாம். ஆனால் நல்ல மனசாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

எட்டு மணித் தொடர் நேற்றோடு முடிந்துவிட்டதாம். பேப்பரில் போட்டிருக்கிறது; கடைசி நாள் படம்கூட இருக்கிறது, எல்லாரும் வரிசையாக நின்று கும்பிடுகிறார்கள். எனக்கு முன்பே மாமா அதைப் பார்த்துவிட்டார். பேப்பரை நாலாக மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்தார்.

"நேத்து என்ன ஆச்சு தெரியுமாம்மா?" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.