நெடுங்கரைச் சபைக் கதவின் தாழ் நீக்கிய ஓலை

வளம் பெருகுக. பொறைமலையும் இரு பேராறுகளும் காத்து நிற்கும் தண்பொறை நாட்டு அரசி அலரேந்திப் பெருந்தேவி, நீர்முளைக் கூற்றத்து நெடுங்கரையூர் ஓதுவார் பொன்னம்பலக்கூத்தனார்க்கு எழுதுவிக்கும் ஓலை. உம் ஊர் ஏரி நிறைக. உம் மனையில் நோய் அணுகாதிருக்க. உம் குரல் என்றும் கம்மாதிருக்க. இவ்வோலையை ஊர்ச்சபையார் அனைவரும் கூடியிருக்க, ஊர்க்கணக்கு எழுதும் கரணத்தான் உரக்கப் படிப்பானாக. முணுமுணுத்தால் மீண்டும் முதலிலிருந்து படிக்கக் கடவன்.

உம் ஊர்ச்சபை கூடுங்கால் நீர் பதிகம் பாடுவதும், பாடி முடிந்ததும் திருநீறு வழங்குவதும், உடனே கதவுக்குத் தாழிடுவதும், நீறு பெறாதார்க்கு அன்று சபையில் பேச உரிமையில்லை என்பதும் வழக்கமெனக் கேட்டோம். சமணர் தெருவார் தம் நோன்பின்படி பிற தெய்வம் வணங்காதவர்; பாட்டு முடியும்வரை வெளியே புளியமரத்தடியில் நிற்பர்; முடிந்து வந்தால் கதவு தாழிட்டுக் கிடக்கும். இவ்வாண்டு மழை குறைந்து, ஏரியின் எந்த மடையை அடைப்பதென்று பேச்சு வந்தபோது, உள்ளே இருந்தவர்கள் கீழைமடையை அடைத்தார்கள். அது யார் வயலுக்குப் பாயும் மடை? வெளியே நின்றவர் வயலுக்கு. வேறென்ன நடக்கும்! அத்தெருக் கைம்பெண் குணவதியின் பயிர் கதிர்விடும் முன்னே கருகிற்று. அவள் எம் அறமன்றில் வந்து முறையிட்டாள்.

சபைப் பெரியோர் மன்றேறி, இது முன்னோர் வழக்கம், தாழிடுதலும் வழிபாட்டின் உறுப்பே, அதில் கைவைத்தால் ஈசனுக்கே இழுக்கு என்று உரைத்தனர். நடுவரும் தலையசைத்தனர். வழக்கைத் தள்ளும் தீர்ப்பு எழுதப்பட்டு எம் முத்திரைக்குக் காத்திருக்க, ஒப்புக்கு ஒரு சான்றாக உம்மை அழைத்தனர். சபையார் விட்ட காணியில் உண்பவர் நீர். அவர்க்கு மாறாகப் பேசினால் உம் வீட்டு அடுப்பு எரியாதென்று உமக்குத் தெரியும். அன்று நீர் சொன்னதை உம் ஊர்ப் பேச்சு மாறாமல் எழுதுவிக்கிறோம்: “தாயே, பாட்டு எங்க அப்பன் காலத்துல இருந்து பாடுறதுதான். தாழ்ப்பாள் அப்போ ஏது? முன்னாடி ஒரு தடவை கீழமடைச் சண்டை வந்த வருசம் தச்சனைக் கூப்பிட்டு இவங்கதான் போட்டாங்க. சாமிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க.”

கூத்தனாரே, அப்போது முத்திரை எம் கையில் இருந்தது. நீர் வாய் மூடி நின்றிருந்தால் யாம் அந்தப் பொய்யின்மேல் அதை அழுத்தியிருப்போம். ஒரு தெரு முழுதும் காய்ந்திருக்கும். யாமோ அறம் செய்தோமென்று நிம்மதியாக உண்டு உறங்கியிருப்போம். உமக்கு நன்றி. அரசவையில் எத்தனையோ அலங்காரச் சொற்கள் உண்டு. அவற்றுள் ஒன்றும் இதற்குப் போதவில்லை.

நீர் ஊர் திரும்பியதும் சபையார் உம் காணியைப் பறித்து, பாட்டையும் நிறுத்திவிட்டு, சமணரால்தான் சாமி பாட்டு நின்றதென்று ஊரெங்கும் பேசித் திரிகின்றனராம். அடேயப்பா, என்ன சாமர்த்தியம்! இதை எமக்கு உரைத்தவள் யாரென்று நினைக்கிறீர்? குணவதியே. மீண்டும் எம் வாயிலுக்கு நடந்து வந்தாள். கருகிய பயிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. “அவரு பாடட்டும் தாயே. பாடி முடியுற வரைக்கும் வெளியே நிக்கிறதுல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. முடிஞ்சதும் உள்ள விட்டாப் போதும். அவரு வீட்டுல உலை ஏறலைங்க” என்றாள். எமக்குக் கண் கலங்கிற்று.

ஆதலால் ஆணையாவது: காணி இன்றே உம் கைக்கு மீள்க. நீர் கோயில் வாயிலில் முன்போலப் பாடுக. விரும்புவோர் கேட்டு நீறு பெறுக. அதன்பின் சபை கூடுக. தாழ்ப்பாளைப் பெயர்த்து இவ்வோலை கொணர்ந்தோனிடம் கொடுத்தனுப்புக. நீறணிந்தாரும் அணியாதாரும் ஒரே பாயில் அமர்க. முதற் பேச்சு கீழைமடை பற்றியதாகுக. முதலில் பேசுபவள் குணவதியாகுக. அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒருவரும் வாய் திறக்கலாகாது.

இது எம் கைமுத்திரை. பொறைமலை உள்ளளவும் நிற்க.