பேட்டரித் தட்டு

ஆனி 12, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் பழைய கார் கண்காட்சி. முதலாளியின் காரை இன்று முழுக்கத் துடைத்தேன். பானெட்டைத் திறந்து பேட்டரியைத் தூக்கினால், தட்டில் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று தூள். பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பவுடர். அதைக் கண்டால் உரசாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பட்டாசு ஊரான நாரணாபுரத்தில் பிறந்தவனுக்குக் கை தானாகப் போகும். பாழாய்ப்போன கை. துணியையும் அலசிய பிறகுதான் உறைத்தது.

போன மாதம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனி வெடித்து, அங்கே வேலை பார்த்த என் தங்கச்சி செல்வி செத்தாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் இதே தட்டை நான்தான் கழுவி வைத்தேன். அன்றிலிருந்து கார் வீட்டை விட்டு நகரவில்லை, சம்பவத்தன்று கம்பெனிப் பக்கமே போகவில்லை என்று முதலாளி போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஐந்து மணிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"எம்புட்டு சுத்தம்லே! ஒரு பொட்டுத் தூசி இல்லையே."

"இல்ல மொதலாளி" என்றேன்.

எவ்வளவு சோப்புப் போட்டாலும் செல்வியின் நகக்கண்ணில் அந்தப் பவுடர் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இப்போது என் நகக்கண்ணிலும் இருக்கிறது. எடுத்து வைத்த சோறு ஆறிப்போய்விட்டது. நான் இன்னும் கை கழுவவில்லை.