பஞ்சுமிட்டாய் மேகம் வைத்த கேக்

நேற்று மதியம் கடைக்கு வந்த ஒரு பெண்மணியின் பையிலிருந்து வெனிலா எசென்ஸ் பாட்டில் நழுவி, கல்லாவுக்கு முன்னால் விழுந்து உடைந்தது. இரண்டு முறை பினாயில் போட்டுத் துடைத்தாகிவிட்டது. வாசனை போகவில்லை. தி. நகர் சந்தில் கேக் பெட்டி, பேப்பர் கப், தங்கக் கலர் அட்டை விற்பவள் நான். என் கடையில் எப்போதும் அட்டை வாசனையும் பசை வாசனையும்தான் இருக்கும். இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் உன் வீட்டுச் சமையலறை என் முகத்தில் வந்து அடித்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் வந்து நிற்கிறார்கள். நிற்கட்டும்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். மூன்று வருடம் கழித்துத்தான் அது தப்பு என்றே தெரிந்தது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து என் தப்பெல்லாம் உன்னிடம்தான் வந்து சேரும். நீ மாடவீதிப் பக்கத்திலிருந்து நடந்து வருவாய். நான் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பஸ்ஸில் தொங்கி வருவேன். என் பேச்சை வகுப்பே கிண்டல் செய்தபோது, நீ மட்டும் எனக்கு ஈடாக "இன்னா இன்னா" என்று பேசப் பார்த்தாய். கடைசிவரை உன் வாயில் அது சரியாக வரவே இல்லை. டிபன் கடைகளுக்குக் காகிதக் கவர் ஒட்டி விற்க ஆரம்பித்தேனே, அன்றைக்கே என்னை "மொதலாளி" என்று கூப்பிட்டவள் நீ. அப்போது எனக்குச் சொந்தமாக ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன், ஆகஸ்டில் டாக்டர் உன்னை வீட்டுக்கு அனுப்பினார். உன் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வாரம் என்றாராம். ரமேஷ் சார் உங்கள் ராஜா அண்ணாமலைபுரம் மூன்றாம் மாடி வீட்டுக்கு வெளியே, படியில் நின்று என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கிப் போனார். உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

"மொதலாளி, துளசிக்கு இருபத்தொம்பதாம் தேதி பொறந்த நாள்" என்றாய்.

"தெரியும்டி."

"நான் அதுவரைக்கும் இருக்க மாட்டேன்."

"சும்மா கெட. இன்னா பேச்சு பேசினு கீற?"

"உன்னாட்டம் நானும் நேராப் பேசறேன். அழறதானா வெளியில போய் அழுதுட்டு வா."

போகவில்லை. உன் பீரோக் கதவில் துளசி வரைந்து ஒட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உருண்டையான கேக். சுற்றிலும் இடைவெளியே இல்லாமல் மிட்டாய். மேலே ஒரு வெள்ளை மேகம். மேகத்திலிருந்து மழைக்குப் பதில் மிட்டாய் சரம் சரமாகத் தொங்கியது. ஒன்பது வயது ஆகும்போது அந்தக் கேக்கை வீட்டிலேயே, உன் கையாலேயே செய்து தருவதாக ஜூன் மாதமே வாக்குக் கொடுத்திருந்தாய்.

"எனக்கு அம்பது பேக்கரிய தெரியும். நாளைக்கே கொண்டாரச் சொல்றேன்" என்றேன்.

"என் கையாலன்னு சொல்லியிருக்கேன்."

"சரி, நாளைக்கே செஞ்சிடலாம்."

"இப்பவே ஏன்மான்னு கேப்பாளே."

கேட்பாள். உன் மகள் ஆயிற்றே. பிறகு நீ சுவரிலிருந்த தினசரிக் காலண்டரை எடுத்து வரச் சொன்னாய். ஒவ்வொரு தாளாகத் தூக்கி, அடியிலிருந்த பொடி எழுத்தை என்னைப் படிக்கச் சொன்னாய். பதினெட்டாம் தேதித் தாளில் நான் "அஸ்தம்" என்று படித்ததும் கையைத் தட்டினாய். சத்தமே வராத தட்டல்.

"ஆவணி ஹஸ்தம்! அவ நட்சத்திரப் பொறந்த நாள் பதினெட்டே வந்துடறதுடி!"

உங்கள் வீட்டில் நட்சத்திரத்துக்கு எண்ணெய்க் குளியல், கோயில் அர்ச்சனை, பாயசம். தேதிக்குத்தான் கேக். நட்சத்திரப் பிறந்த நாளில் கேக்கைப் பார்த்தால் குழந்தை கேள்வி கேட்காதா என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நீ எதையும் வித்துடுவியே. இதையும் வித்துக் குடு. அவளுக்குத் தெரியவே கூடாது. எப்பவுமே. இதுதான் அம்மாவோட கடைசி கேக்னு நெனச்சிண்டு ஒரு கொழந்தை சாப்பிடக் கூடாது."

"அத நான் பாத்துக்கறேன்" என்றேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பதினெட்டாம் தேதி. அதிகாலையில் ரமேஷ் சார் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போய்வந்து பள்ளிக்கு அனுப்பிவிட்டார். பள்ளி வேன் நான்கு மணிக்குத் திரும்பும். வெளியே விடாத மழை. வாழ்நாளில் எத்தனையோ கேக் பெட்டி விற்றவள், ஒரு கேக்கும் செய்ததில்லை. முட்டை இல்லாத கேக், கட்டிப்பால் ஊற்றியது. நீ படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல நான் சமையலறையில் கலக்கினேன். ஓவனுக்குள் வைத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் எனக்குப் பொறுக்கவில்லை. சரக்கு வந்தால் மூட்டையைப் பிரித்துப் பார்த்துப் பழகிய கை. திறந்துவிட்டேன்.

"தொறந்துட்டியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்லியே."

"பொய். வாசனை இங்க வரது."

நடுவில் பொதபொதவென்று அமுங்கிவிட்டது. தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து உன்னிடம் காட்டினேன். இன்னொன்று செய்ய நேரம் இல்லை, உனக்கும் தெம்பு இல்லை. நீ அந்தப் பள்ளத்தைப் பார்த்தாய். "இதுக்குள்ளயும் மிட்டாயைக் கொட்டி மூடிடு. வெட்டினா கொட்டும். அவ இன்னும் குதிப்பா" என்றாய். வியாபாரம் எனக்குத்தான் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

சரங்களை நீதான் செய்தாய். ஊசியில் கோத்தால் ஜெல்லி மிட்டாய் பிசுபிசுத்து ஒட்டியது. ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டு, மல்லிகைப் பூவைத் தொடுப்பதுபோல் வெள்ளை நூலில் ஒவ்வொன்றாகச் சுருக்குப் போட்டுக் கட்டினாய். நான்கு மிட்டாய்க்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொள்வாய். நான் எழுந்து உன் கையிலிருந்து வாங்கப் போனால், கண்ணைத் திறக்காமலே நூலை இழுத்துக்கொள்வாய். ஆறு சரம். இரண்டரை மணி நேரம்.

மேகம்தான் உயிரை வாங்கியது. கடற்கரையில் வாங்கி வந்த இரண்டு பை வெள்ளைப் பஞ்சுமிட்டாயில் ஒன்றைப் பிரித்து, சாப்பாட்டு மேசையில், கேக்கில் நட வளைத்து வைத்திருந்த கம்பி மேல் வைத்துப் பார்த்தேன். மழைக்காற்று பட்டதும் சுருங்கி, பசையாகி, கம்பியில் எச்சில்போல வழிந்தது. மணி இரண்டரை. இன்னொரு பைதான் மிச்சம். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். உனக்குக் கேட்காமல் அழத்தான் பார்த்தேன்.

"மொதலாளி! உங்க கடையில ஈரம் புடிக்காம இருக்க என்னடி பண்ணுவ?"

மருந்துப் பெட்டிகளில் போடுவோமே, ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலம். ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன். ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஆட்டோக்காரரிடம், "அண்ணே, சீக்கிரம் போண்ணே, வூட்ல ஒரு உசுரு கீது" என்று கத்தினேன். அவர் ஆஸ்பத்திரிக்கா என்றார். பஞ்சுமிட்டாய்க்கு என்று எப்படிச் சொல்வது? கடையிலிருந்த உயரமான புதுப் பெட்டி ஒன்றில் பொட்டலங்களைக் கொட்டி எடுத்து வந்து, மேகத்தை அதற்குள் வைத்து மூடினேன். உன் அறை ஜன்னல்களைச் சாத்தி, ஏசியை முழுதாகப் போட்டு, உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கேக்கை வைத்தோம். ரமேஷ் சார் இரண்டு போர்வை கொண்டுவந்து உன்மேல் போர்த்தினார். வேன் சத்தம் கேட்ட பிறகுதான் மேகத்தை வெளியே எடுத்து, சரங்களைத் தொங்கவிட்டேன்.

துளசி உன் அறை வாசற்படியிலேயே பையைப் போட்டுவிட்டாள். படத்தில் இருந்தது அப்படியே கண்ணெதிரே தொங்கியது. அவள் கத்திய கத்தலில் நீ சிரித்தாய். சட்டென்று அவள் நின்றாள்.

"இன்னிக்கு நட்சத்திரம்தானே? நட்சத்திரத்துக்கு எதுக்கு கேக்?"

ரமேஷ் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கடையைத் திறந்தேன்.

"இது உனக்கில்ல கண்ணு. பொட்டி ஆன்ட்டி கடைக்கு ஒசரப் பொட்டி புச்சா வந்துகீது. உள்ள கேக்க வெச்சு போட்டோ புடிச்சாத்தான் விக்கும். உன் படத்த காப்பியடிச்சிட்டோம்."

"அப்போ என் கேக்?"

"அது இருவத்தொம்பதாம் தேதி. இத்த விட பெருசா வரும் பாரு."

நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு பார்வை. வாங்குபவர் கேட்காத வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது என்று இருபது வருடமாகத் தெரிந்த எனக்கு, அன்று வாய் நிற்கவில்லை. அவள் நம்பினாள். கத்தியை வைத்ததும் உள்ளிருந்த மிட்டாய் கொட்டியது. உன் வாயில் ஒரு துண்டு வைத்தாள். பிறகு இரண்டு கை நிறைய மிட்டாயை அள்ளிக்கொண்டு, "கீழ எல்லாருக்கும் குடுத்துட்டு வரேன்" என்று மழை விட்டிருந்த வாசலுக்கு விளையாட ஓடிவிட்டாள். உன் அறையில் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை.

"பாத்தியா?" என்றாய். "ஓடிட்டா. ஒண்ணும் தெரியல அவளுக்கு." பரீட்சையில் முதலாவது வந்தபோதுகூட உன் முகம் அப்படி இருந்ததில்லை.

ஐந்தாம் நாள் காலையில் நீ போய்விட்டாய். இருபத்தொன்பதாம் தேதி வந்தபோது உன் வீட்டில் காரியம்கூட முடிந்திருக்கவில்லை. அன்று அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் கேட்கவில்லை. சமாளித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை அப்பாவோடு கடைக்கு வந்தாள். வருகிற இருபத்தொன்பதாம் தேதி பன்னிரண்டு முடிகிறது. உன் உயரம் வந்துவிட்டாள். அலமாரியில் இருந்த உயரப் பெட்டியை விரலால் தட்டிக்கொண்டே, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள்: "அம்மா எனக்கு அந்த மேகம் கேக் பண்ணித் தரேன்னா. பண்ணாமலே போயிட்டா. உங்க பொட்டிக்கு மட்டும் பண்ணிக் குடுத்தா. பரவால்ல, பொட்டி ஆன்ட்டி. அவளுக்கு முடியல."

அந்தப் "பரவால்ல"வை என்னால் தாங்க முடியவில்லை. உன் கடைசித் தெம்பையெல்லாம் கட்டித் தொங்கவிட்ட ஆறு சரத்தையும் நான் என் பெட்டிக்கு விளம்பரமாக்கிவிட்டேன். நீ கொடுத்தது அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவ்வளவு நன்றாகப் பொய்யை விற்றிருக்கிறேன்.

சொன்னால் உனக்குக் கொடுத்த வாக்குப் போகும். சொல்லாவிட்டால் நீ அவளுக்குச் செய்தது போகும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர், காலண்டர், நூல், எல்லாம். என்னைத் திட்டு.

கேட்டு முடித்ததும் கத்தினாள்: "தெரிஞ்சிருந்தா நான் கீழ போயிருக்க மாட்டேனே! அம்மாகூடவே இருந்திருப்பேனே! ஏன் என்னைப் போக விட்டீங்க?" அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரமேஷ் சார், "விடுங்கோ, அப்பறம் பேசிக்கலாம்" என்றார். எனக்கு விட முடியவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. கதவுக்கு வெளியே நின்று அதைச் சொன்னேன்.

"துளசி, நீ ஓடினப்புறம் உங்கம்மா ஜன்னலத் தொறக்கச் சொன்னா. தொறந்தா மேகம் கரைஞ்சிடும்டின்னேன். போகட்டும், அவ குரல் கேக்கணும்னா. தொறந்தேன். மேகம் கரைஞ்சு கேக்கு மேல எல்லாம் வழிஞ்சுது. அவ அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல. கண்ண மூடிக்கினு நீ வெளையாடறதையே கேட்டுக்கினு இருந்தா. நீ மேல வர்ற வரைக்கும்."

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள்: "நான் என்ன கத்திண்டிருந்தேன்?"

எனக்கு நினைவிருந்தது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். இனிமையாக ஏதாவது ஒன்றை நொடியில் உண்டாக்க எனக்கு வராதா? ஆனால் அவளிடம் இனி விற்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"'ஏமாத்தாத, ஏமாத்தாத'ன்னு கத்தினு இருந்தே. எவனோ ஒருத்தன் ஆட்டத்துல ஏமாத்திட்டான்."

கதவு திறக்கவில்லை. அவள் அழுவது மட்டும் கேட்டது. நானும் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். ஈரக்காற்றோடு மூன்று மாடி ஏறி வந்த அந்த ஒன்பது வயதுக் குரலும், அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு படுத்திருந்த உன் முகமும் என்னிடம்தான் இருக்கின்றன. அவளிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. சொல்லேன்டி.