இரண்டு பேர் இழுத்த கூரை

மதினி,

இன்று காலை கடையில் புது பசை டின்னைத் திறந்தேன். அந்தக் காரமான வாடை மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. பசைதான் காரணம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சமாளித்தேன்.

இருபது வருஷத்துக்கு முந்திய சித்திரை அது. நான் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் மருந்து தீப்பிடித்து, என் வலது கை வெந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. புண் ஆறியும் விரல்கள் பாதிதான் மடங்கின. அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, விருதுநகரில் உங்கள் வீட்டில் கிடந்தேன். சோற்றையும் இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் தின்றேன். அண்ணன் இறந்த பிறகு, வீட்டை ஒட்டியிருந்த, வண்டிகளுக்கு சீட் தைக்கும் அவர் கடையை நீங்கள்தான் நடத்தி வந்தீர்கள்.

அப்போதுதான் பருப்பு மில் முதலாளி தன் அப்பாவின் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். இரண்டே சீட். மடக்கித் திறக்கிற துணிக் கூரை கந்தலாகியிருந்தது. புதுக் கூரையை இங்கிலாந்திலிருந்தே வரவழைத்திருந்தார்.

"நாளான்னைக்கு மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இதுலதான். இந்தத் துணி கெட்டா வேற கெடையாதும்மா" என்றார்.

அவர் போனதும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏளா, இங்கன வா. அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும்."

"இந்தக் கையில பிடிமானமே இல்ல மதினி."

"ஒத்த ஆளா இத மாட்ட முடியாது. நீ வரலைன்னா வண்டிய அவுக வீட்டுலயே விட்டுட்டு வந்துருவேன்."

வேறு வழியில்லாமல் வந்தேன். துணியை உச்சி வெயிலில் விரித்து இளக வைத்தோம். நடுவில் சாக்பீஸால் கோடு போட்டீர்கள். பின்பக்கத்தை இறுக்கிவிட்டு, முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் சட்டத்தில் பசை தடவினீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுத்து ஒட்ட வேண்டும். இழுத்தோம். என் கை வழுக்கியது. துணி உங்கள் பக்கம் சரிந்து, குறுக்கே பெரிய சுருக்கம் விழுந்தது.

"கெடுத்துட்டேன் மதினி" என்று அழுதேவிட்டேன்.

நீங்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பசை இறுகுமுன் துணியை உரித்து, சட்டத்தைத் துடைத்து, மறுபடி தடவினீர்கள். "இந்தத் தடவ நீ எம்புட்டு இழுக்கியோ அம்புட்டுத்தான் நானும் இழுப்பேன். போதும்னா சொல்லு."

புதுத்தோல் தீயாக எரிந்தது. விரல்கள் துணியை விடவில்லை. கோடு சட்டத்தின் நடுவுக்கு வந்ததும் "போதும்" என்று கத்தினேன். அழுத்தினீர்கள். ஒரு சுருக்கம் இல்லை.

மறுநாள் முதலாளியை உள்ளே உட்காரவைத்து, கூரைமேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினீர்கள். அவர் சட்டையைத் தடவிக்கொண்டே இறங்கினார். "சொட்டு எறங்கலையேம்மா!"

"எங்க நாத்தனா பிடிச்சது. அவ பக்கத்தத்தான் பாருங்களேன், எம்புட்டு நேரா இருக்குன்னு" என்றீர்கள்.

அன்று மத்தியானம் வலது கையால் சோற்றைப் பிசைந்தேன். நீங்கள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினீர்கள். அடுத்த நாளிலிருந்து நானும் கடைக்கு வந்தேன்.

போன வருஷம் உங்கள் பதினாறாம் நாளுக்குக் காரியாபட்டியிலிருந்து ஒரு ஜீப்காரர் வந்திருந்தார். "எங்க மூணு ஜீப்புக்கும் உங்க மதினிதான் கூரை மாட்டினாக. எல்லாம் உங்க அண்ணன் காலமான புதுசுல. எந்த வண்டின்னாலும் ஒத்த ஆளாத்தான் மாட்டுவாக. முன்பக்கம் கிளிப்பப் போட்டுட்டு அங்கிட்டும் இங்கிட்டும் மாறி மாறி இழுப்பாக. நான் பிடிக்கப் போனா, தள்ளி நில்லுங்கண்ணேம்பாக" என்றார்.

அவருக்குக் கொண்டுவந்த காபியை நீட்டாமல், "ஒத்த ஆளா இத மாட்ட முடியாது" என்று நீங்கள் அன்று சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இரக்கப்பட்டு ஏதாவது சொல்லியிருந்தால், நான் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டிருப்பேன். ஆள் வேண்டும் என்றீர்கள், வந்துவிட்டேன். இன்று கடை என் பொறுப்பில் இருக்கிறது. அன்று நீங்கள் சொன்ன அந்த ஒரு பொய்யில்தான் மதினி, இன்றுவரை பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.